கடுகளவு பூசணம்

பூசணம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஈரக் கரண்டி பட்டுக் கெட்டுப்போன மாவடு ஜாடி ஞாபகம் வரும். மழைக்காலம் முடிந்து பரணிலிருந்து இறக்கிய தோல் பெட்டி ஞாபகம் வரும். வெள்ளையாகப் படர்ந்ததை வழித்து எறிந்துவிட்டு, ஜாடியைக் கழுவி வெயிலில் வைத்தால் அதன் கதை முடிந்தது என்று இருந்துவிடுவோம். ஆனால் அந்தப் பூசணத்தின் இனத்தைச் சேர்ந்த ஒன்று, மனிதருடைய காலுக்குள் புகுந்து, வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தி, எலும்பையே அரித்துவிடும் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். அந்த நோய்க்கு உலகம் வைத்த பெயரே நம் ஊர்ப் பெயர்தான்: "மதுரைக் கால்"! மீனாட்சியாலும் மல்லிகையாலும் புகழ் பெற்ற மதுரைக்கு இப்படி ஒரு பெருமையும் வந்து சேர்ந்தது. 1842ல் அங்கே இருந்த கில் என்ற ஆங்கிலேய டாக்டர், உருத்தெரியாமல் வீங்கிப்போன கால்களைப் பார்த்து எழுதி வைத்தார். வீக்கத்தைப் பார்த்தாரே தவிர, உள்ளே குடியிருப்பது யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

அதைக் கண்டு சொன்னவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். டாக்டருக்குப் படிக்கும் உங்கள் பிள்ளையோ பெண்ணோ 'கிரேயின் அனாடமி' என்ற தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்திருப்பீர்கள். 1858ல் வெளிவந்த அந்தப் புத்தகத்துக்குப் படம் எழுதியவர் இவர்தான். பெயரும் புகழும் கிரேக்குப் போயின. கார்ட்டர் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்துவிட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் உத்தியோகம். அங்கே நோயாளிகளின் கால்களை அறுத்துப் பார்த்தபோது, உள்ளே மீன் சினை போலக் கறுப்பு மணிகள் இருப்பதைக் கண்டார். பூதக்கண்ணாடியின் கீழ் ஒவ்வொரு மணியும் பூசண இழைகள் பின்னிக்கொண்ட ஒரு பந்து. 1860ல் அந்த நோய்க்கு 'மைசிடோமா', அதாவது பூசணக் கட்டி, என்று பெயரிட்டார். 1874ல் அதைப் பற்றித் தம் கையாலேயே படங்கள் எழுதி ஒரு புத்தகம் வெளியிட்டார். பிறகு குஷ்ட நோயை ஆராய்ந்தார். விட்டு விட்டு வரும் ஒரு விஷக்காய்ச்சலை ஆராயப் போய், அந்தக் காய்ச்சலையே தாமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். முப்பது வருஷ காலம் நம் நாட்டிலேயே கழித்த மனிதர்.

இந்தப் பழைய கதையெல்லாம் எனக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? சொல்லுகிறேன்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மயிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் அத்தை இருக்கிறாள். மல்லாட்டைக் கொல்லையும், கொஞ்சம் நெல்லும். ஒரு நாள் களை எடுக்கும்போது பாதத்தில் கருவேல முள் குத்தியது. ஊக்கால் முள்ளை எடுத்துப் போட்டாள், மஞ்சளை வைத்துக் கட்டினாள், மறந்துவிட்டாள். அடுத்த வருஷம் அந்த இடத்தில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி. அதற்கடுத்த வருஷம் எலுமிச்சங்காய் அளவு.

"வலி இல்லேடி கண்ணு. வலிச்சாத்தானே வைத்தியம்?" என்பாள் என்னிடம்.

இந்த நோயின் தந்திரமே அதுதான். வலித்தால் நாம் வைத்தியரிடம் ஓடிவிடுவோம் அல்லவா? அதனால் வலிக்காமலேயே வளருகிறது. கால் பருத்ததும் ஊரார் யானைக்கால் என்றார்கள். அந்த நோய் அந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆகையால் யாரும் சந்தேகப்படவில்லை. வைத்தியம் செய்தவர் ஒருவரும் அதையே சொல்லி, இரண்டு வருஷம் மாத்திரை கொடுத்தார். அத்தை புடைவைக் கொசுவத்தைத் தாழ இறக்கிக் கட்டிக்கொண்டாள். கல்யாண வீடுகளில் பந்தி உட்காரும்போது காலை மறைத்துக்கொள்வாள். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலை ஏறுவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு கட்டியில் சிறு சிறு துவாரங்கள் விழுந்தன. "கடுகு மாதிரி என்னவோ உதிருதுடி" என்று ஒரு நாள் சொன்னாள். அதற்கப்புறந்தான் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

அங்கேதான் முதன்முதலாக ஒரு பூசண ஆராய்ச்சி டாக்டரைப் பார்த்தேன். நடுத்தர வயது அம்மாள். அத்தையின் கட்டிலிருந்து விழுந்த ஒரு மணியைக் கண்ணாடித் துண்டில் வைத்து நசுக்கி, ஒரு சொட்டு மருந்து விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து எனக்கும் காட்டினார். பழுப்பு நிறத்தில் நூல்கண்டு போலச் சிக்கிக் கிடந்தது.

அந்த மணியில்தான் விஷயம் எல்லாம் இருக்கிறது. இதே வீக்கத்தைப் பூசணமும் உண்டாக்கும். இழை போல வளரும் ஒருவகைப் பாக்டீரியாவும் உண்டாக்கும். 1894ல் வின்சென்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் பிரித்துக் காட்டிய பாக்டீரியா அது. அதன் பெயரிலும் மதுரை ஒட்டிக்கொண்டிருக்கிறது! கறுப்பு மணி என்றால் பூசணம். வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்றால் பெரும்பாலும் மற்றது. பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் மருந்து பூசணத்தை ஒன்றும் செய்யாது. பூசணத்துக்குக் கொடுப்பது பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. ஆகவே ஆளை அடையாளம் காட்டுகிறவர் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய டாக்டரும் இருட்டில் கல்லெறிய வேண்டியதுதான்.

அடையாளம் காண்பதும் லேசில்லை. இட்லி மாவு ஒரே இரவில் பொங்கிவிடுகிறது. இந்தப் பூசணமோ, சோதனைத் தட்டில் போட்டால் முகம் காட்டச் சில சமயம் ஆறு வாரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் வேறு ஏதாவது பூசணம் காற்றில் வந்து விழுந்து ஏமாற்றிவிடும். கார்ட்டரே அப்படி ஏமாந்தவர்தான். அவருடைய சோதனையில் வளர்ந்த ஒரு சிவப்புப் பூசணத்துக்கு அவர் பெயரையே வைத்துக் கௌரவித்தார்கள். கடைசியில் அது வழிப்போக்கன் என்று தெரிந்தது. நாளெல்லாம் தட்டுகளைத் திறப்பதும் மூடுவதும், எழுதி வைப்பதும், காத்திருப்பதுமாகக் கழிகிற உத்தியோகம் இது. அதில் பிழைத்தவர்கள் அந்த அம்மாளின் முகத்தைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அத்தைக்கு எலும்பு வரை போய்விட்டது. மாத்திரை ஒரு வருஷம் சாப்பிட்டும் பயனில்லாமல், முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது. இப்போது செயற்கைக் கால் பூட்டிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கிறாள். சுண்டைக்காய் அளவில் இருந்தபோதே வந்திருந்தால், கட்டியை மட்டும் எடுத்து மருந்து கொடுத்திருக்கலாம் என்றார்கள்.

2016ல்தான் உலக சுகாதார ஸ்தாபனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் ஜாபிதாவில் சேர்த்தது. புறக்கணித்தவர்கள் டாக்டர்கள் மட்டுமா? கொசுவத்தைத் தாழ்த்திக் கட்டிய நாமும்தான்.

சேற்றில் செருப்புப் போட்டுக்கொண்டு நாற்று நடமுடியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் கொல்லைக்கும் முள்காட்டுக்கும் போட்டுக்கொள்ளலாமே. முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குத்திய இடத்தில் பிறகு கட்டி எழும்பினால், வலிக்காவிட்டாலும், வலிக்காததனாலேயே, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். இது தொட்டால் ஒட்டும் நோய் அல்ல; ஆகவே யாரையும் ஒதுக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்குக் கீரையும் மல்லாட்டையும் கொண்டுவந்து விற்கும் கிராமத்து அம்மாளிடம் பேரம் பேசும்போது, ஒரு தடவை அவள் பாதத்தையும் பாருங்கள். கட்டி தெரிந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். காலணா செலவில்லாமல் ஒரு காலைக் காப்பாற்றிய புண்ணியம் உங்களுக்கு உண்டு.