தாழிட்ட சன்னல்

சில ஆண்டுகளுக்கு முன் பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகராகிய மணிலாவில் நண்பர் ஒருவர் இல்லத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட அந்நாட்டில் நான் கண்ட வனப்புகள் பல. ஆயினும், இன்றும் என் நெஞ்சைவிட்டு நீங்காதது ஒரு முதியவரின் பாட்டே ஆகும்.

அவர் என் நண்பரின் தந்தையார், எண்பதை எட்டியவர். பேரப்பிள்ளைகள் அவரை ‘லோலோ’ என்று அழைப்பர். பாட்டனார் என்பது அதன் பொருள். இரவு உணவு முடிந்ததும் பழைய கிதாரை மடிமீது வைத்துக்கொண்டு சன்னலருகே அமர்வார்.

முதல்நாள் அவர் பாடியது ‘குந்திமான்’ என்னும் வகைப் பாட்டு. மும்மூன்றாய் நடக்கும் தாளத்தில் அது மெல்லச் செல்லும். முற்பகுதி, மேனாட்டு இசையில் ‘மைனர்’ எனப்படும் சோகச் சுரவரிசையில் அமையும். பிற்பகுதி, ‘மேஜர்’ எனப்படும் ஒளிமிக்க வரிசைக்கு மாறும். “அழுகையில் தொடங்கும், நம்பிக்கையில் முடியும்” என்றார் முதியவர். நாட்டு மக்களின் காதற் பாட்டாக விளங்கிய இதனை, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சிஸ்கோ சந்தியாகோ, நிக்கனோர் அபெலார்தோ ஆகிய இசைவாணர்கள் அரங்கிற்குரிய கலைப்பாட்டாக உயர்த்தினர்.

முற்காலத்தில் இளைஞன் இரவில் நண்பர்களோடு சென்று, தான் விரும்பும் பெண்ணின் சன்னற்கீழ் நின்று பாடுவான். இவ்வழக்கத்திற்கு ‘ஹரானா’ என்பது பெயர். “பாட்டுக்காகத் திறந்த சன்னல்களைத்தான் எம் முன்னோர் அறிவர். நானோ பாட்டுக்காகச் சன்னலைத் தாழிட்டவன்” என்று கூறி, முதியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் அக்கதையைச் சொன்னார்.

‘பயான் கோ’ என்றொரு பாட்டு உண்டு. ‘என் நாடு’ என்பது அதன் பொருள். அமெரிக்கர் ஆட்சி நடந்த காலத்தில், ஹோசே கொராசோன் தெ ஹெசுஸ் என்னும் கவிஞர் தகாலோக் மொழியில் எழுத, கொன்ஸ்தான்சியோ தெ குஸ்மான் இசையமைத்தது அது. 1972-ஆம் ஆண்டில் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தை நாட்டில் புகுத்தியபின், அப்பாட்டைப் பொதுவிடத்திற் பாடுதல் குற்றமாயிற்று.

“என் மகன் அதை அறியாமல் வளரலாமா? விளக்கை அணைத்துச் சன்னலைத் தாழிட்டு, அவன் காதருகே முணுமுணுத்துக் கற்பித்தேன். என் மனைவி வாயிலருகே நின்று, தெருவில் காலடியோசை கேட்கிறதா என்று கவனித்திருப்பாள்.”

1983-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். பத்து வயது மகனின் கையைப் பற்றிக்கொண்டு முதியவரும் நடந்தார். திடீரென்று, எவரும் தூண்டாமலே சிறுவன் அப்பாட்டை வாய்விட்டுப் பாடலானான். தந்தை நடுங்கினார், மகனின் வாயைப் பொத்தக் கையை உயர்த்தினார். அதற்குள் அருகில் நின்ற மூதாட்டி ஒருத்தி உடன் பாடினாள். பின்னர்ப் பக்கத்தில் நின்றோர் பாடினர். “உயர்த்திய கையை என்ன செய்வது? கண்களைத் துடைத்துக்கொண்டேன்” என்றார் முதியவர்.

1986-ஆம் ஆண்டு பெப்ரவரியில் மணிலா வீதிகளில் திரண்ட மக்களும் அப்பாட்டைப் பாடினர். மார்க்கோசின் ஆட்சி வீழ்ந்தது. அந்நாளில் அதனைப் பாடிப் பெரும்புகழ் பெற்றவர் பிரெடி அகிலார். பெற்றோரைப் பிரிந்து திரிந்த மகனின் கழிவிரக்கத்தைக் கூறும் ‘அனாக்’ என்னும் பாட்டால் 1978-இலேயே அவர் பெயர் கடல் கடந்து பரவியிருந்தது. 2025-இல் அவர் மறைந்தார். அவர் பாட்டுகள் மறையவில்லை.

நான் விடைபெறுவதற்கு முன்னாள் இரவு, முதியவர் சன்னலை அகலத் திறக்கச் சொன்னார். அவர் கிதாரை மீட்ட, என் நண்பர் ‘பயான் கோ’வைப் பாடினார். ஆனால், குரல் மிகத் தாழ்ந்தே எழுந்தது. “இன்றும் அவன் மெல்லத்தான் தொடங்குவான், நான் கற்பித்தது அப்படி” என்றார் தந்தை புன்னகையுடன்.

சில வரிகளுக்குப் பின் அக்குரல் உயர்ந்தது. பேரப்பிள்ளைகளும் சேர்ந்துகொண்டனர். காதருகே சொல்லிக் காத்த ஒரு பாட்டு, திறந்த சன்னல் வழியே தெருவெங்கும் சென்றது. சட்டம் வாயை அடைக்கலாம். ஒரு தந்தை தன் மகனுக்குக் கற்பித்த பாட்டை அதனால் அழிக்க முடியுமோ?