மூன்றாவது பட்டை

உசிலம்பட்டியில் தேனி சாலையோரம், வேப்பமர நிழலில் ஒரு பெரியவர் கோழிப் பஞ்சாரம் பின்னிக்கொண்டிருக்கிறார். ஈரச் சாக்கில் சுற்றிவைத்த மூங்கில் பட்டைகளை அவர் மனைவி ஒவ்வொன்றாக உருவிக் கொடுக்கிறார். ஒரு சாய்வில் சில பட்டைகள், எதிர்ச்சாய்வில் சில. மூன்றாவது பட்டை குறுக்கே நுழைகிறது. ஒன்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே. பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்தியதும் அறுகோணக் கண் திறக்கிறது. அதைச் சுற்றி ஆறு சிறு முக்கோணங்கள்.

“இன்னுங் கொஞ்சம் நெருக்கிப் போடுங்க, குஞ்சு வெளிய வந்துரும்” என்கிறார் அந்த அம்மா. பெரியவர் பதில் சொல்லவில்லை. அடுத்த கண் சிறுத்து வருகிறது.

ஜப்பானிலும் இதே பின்னல் உண்டு, அங்கே ககோமே. 1951-ல் இச்சிரோ ஷோஜி அந்த வடிவத்தை இயற்பியலுக்குள் கொண்டுவந்தார். பட்டைகள் குறுக்கிடும் புள்ளிதோறும் ஒரு காந்த அணு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அணுவுக்கு எதிர்த்திசையில் நிற்பதுதான் அவற்றின் இயல்பு. ஒரு முக்கோணத்தின் மூன்று அணுக்களில் ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி நின்றுவிடும். மூன்றாவது எந்தப் பக்கம் திரும்ப? இரண்டில் ஒன்றோடு கட்டாயம் முரண். சதுரத்தில் இந்தத் தொல்லை இல்லை. முக்கோணத்தில் தப்பிக்க வழியில்லை. இதைத்தான் ஃபிரஸ்ட்ரேஷன் என்கிறார்கள்.

ஹெர்பர்ட்ஸ்மிதைட் என்ற பச்சைக் கனிமத்தில் தாமிர அணுக்கள் இந்தப் பின்னலாகவே அமைந்திருக்கின்றன. அவற்றுக்கிடையிலான காந்தப் பிணைப்பு சுமார் 200 கெல்வின் வலிமை கொண்டது. அப்படியிருந்தும், 2007-ல் 0.05 கெல்வின் வரை குளிர்வித்தபோதும் அவை ஒழுங்குக்கு வரவில்லை. அணுவின் இந்தக் காந்தத் திசையை ஸ்பின் என்பார்கள்; அது உறைய மறுக்கும் இந்த நிலை, ஸ்பின் திரவம். 1973-லேயே இப்படியொரு நிலை இருக்கக்கூடும் என்றவர் பிலிப் ஆண்டர்சன். 1987-ல் அவரோடு சேர்ந்து அந்தக் கருத்தை மீக்கடத்திகளுக்குக் கொண்டுபோனவர் ஜி. பாஸ்கரன். பின்னாளில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலிருந்து, 2007-ல், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை கித்தாயெவ் மாதிரியைப் பற்றியது. முக்கோணமே இல்லாத தேன்கூட்டு அமைப்பு அது; அங்கும் முரண் உண்டு. ஒவ்வோர் அணுவையும் மூன்று அண்டை அணுக்கள் மூன்று வெவ்வேறு திசைக்கு இழுக்கின்றன. ஸ்பின் அங்கே துண்டுகளாகப் பிரிகிறது என்பதையும், ஸ்பின்களின் தொடர்பு பக்கத்து அணுவோடு முடிந்துவிடுகிறது என்பதையும் தோராயமாக அல்ல, துல்லியமாகவே காட்டினார்கள். நம் மண்ணிலிருந்து உலகுக்குப் போன முதல்தரமான கணக்கு அது.

ஹெர்பர்ட்ஸ்மிதைட் உண்மையில் எவ்வகை ஸ்பின் திரவம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இயற்பியல் படிக்கும் உசிலம்பட்டிப் பிள்ளைகளே, மதுரையில் இரவு பஸ் ஏறினால் விடியும்போது சென்னை. தரமணிக்குப் போய்க் கேளுங்கள். மிச்சக் கணக்கு உங்களுக்கும் உரியது.