விண்மீனும் லயத்துப் புகையும்

தை மாதத்து இரவுகளில் நுவரெலியாவை அடுத்த தோட்டங்களில் உறைபனி இறங்கும். முகிலற்ற வானமும் அசைவற்ற காற்றும் கூடிவரும் நாளில், பள்ளத்துத் தேயிலை கருகிப்போவதும் மேட்டுத் தேயிலை தப்பிவிடுவதும் தொழிலாளர் நன்கறிந்த செய்தி. அந்தத் தோட்டத்துச் சிறுவனும் அதை அறிந்திருந்தான். அத்தகைய மாலைகளில் லயத்து அடுப்புப் புகை நேரே எழுந்து, கூரைக்குச் சற்று மேலே கண்ணுக்குத் தெரியாத தட்டியொன்றில் முட்டியது போலப் பரந்து படுத்துவிடும். கீழே குளிர்ந்த, கனத்த காற்று. மேலே அதனினும் சூடான காற்று. இரண்டும் எளிதிற் கலப்பதில்லை.

ஆடி மாதத்தில் அவனுடைய அப்பாயி வேறொன்றைக் காட்டினாள். மழை விட்டு முகில் கிழிந்த சில நாழிகைகளில் வானத்தை அண்ணாந்து நோக்கி, "கீழ ஒரு காத்து, மேல ஒரு காத்துடா தம்பி, அதான் வெள்ளியெல்லாம் இப்படித் துடிக்குது" என்பாள். எழுத்தறியாத கிழவியின் சொல்லை அவன் அன்று பொருட்படுத்தவில்லை.

உயர்தரத்திற் கணிதம் பயில அவன் விரும்பினான். படித்த பாடசாலையில் அப்பிரிவு இல்லை. நகரத்தில் தங்கிப் படிக்க வீட்டில் வசதியும் இல்லை. கலைப்பீட மாணவனாகவே பேராதனைக்கு வந்தான். எனினும் நூலகத்தில் அவன் கைகள் வானியல் நூல்களையே நாடின. சமன்பாடுகளைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுவான். அந்த வெட்கம் அவனைவிட்டு அகலவேயில்லை. அவ்வாறு புரட்டிய பக்கங்களுக்கிடையிற்றான் அப்பாயியின் காற்று அகப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று நிலத்தையொட்டி வீசும் மாதங்களில், ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்றோட்டம் தென்னாசியாவுக்கு மேலே விரைகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958 இல் அதனை விளக்கினார். கிழவிக்கு இதை யார் சொன்னார்களோ!

வெப்பநிலை வேறுபட்ட காற்றுத் திரள்கள் ஒளியைச் சிறிது சிறிதாக வளைப்பதாலேயே விண்மீன் துடிக்கிறது. பெரிய தொலைகாட்டியில் அத்துடிப்பு மங்கலான பொட்டாகப் பரவிவிடும். நல்ல இடங்களில் அப்பொட்டின் அகலம் ஒரு வில்செக்கன் அளவினது. ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் பிடித்த பழைய ஒரு ரூபாய்க் காசு கண்ணில் அமைக்கும் கோணம் ஏறத்தாழ அவ்வளவே. ஆடியைப் பெரிதாக்குவதால் மட்டும் இக்குறை தீராது. ஆதலின் இடத்தைத் தெரிவுசெய்யுமுன் காற்றை அளக்கின்றனர்.

உயரம் ஒன்றே போதாது. கொடைக்கானல் ஆய்வகம் 2343 மீற்றர் உயரத்தில் இருக்க, இரவு வானுக்காக வைணு பாப்பு தேடிக் கண்ட காவலூரோ 725 மீற்றர் உயரமே உடையது. 1968 இல் அங்கு 38 சென்ரிமீற்றர் தொலைகாட்டி நிறுவப்பட்டது. பிதுருதலாகலை 2524 மீற்றர் உயர்ந்து நின்றும் என்ன? இரு பருவங்களின் முகிலும் அதன் தலையிலேயே. இலங்கையின் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி 1996 இல் மொறட்டுவையில் அமைந்தது.

சென்ற தை விடுமுறையில் அவன் வீடு சென்றபோது, சாதாரண தரத்திற் சித்தியடைந்த தங்கை, கணிதந்தான் படிப்பேன் என்று நின்றாள். அதற்கு அட்டனில் அத்தை வீட்டில் தங்க வேண்டும். தந்தை தொழிற்சாலையிற் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்பவர்; ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைப் பார்த்தே காற்றின் குணத்தைச் சொல்லிவிடுவார். அவர் பிடிகொடுக்கவில்லை. "பொம்பளப் புள்ளய எதுக்கு அவ்வளவு தூரம் அனுப்பணும்?"

அன்றிரவு வாசலில் அமர்ந்து, சராசான், ரோடியே என்னும் இருவர் 1990 இல் விரித்துரைத்த அளவை முறையைத் தங்கைக்குக் கூறினான். சிறு தொலைகாட்டியின் வாயை மூடி இரு துளைகள் மட்டும் விடுவர். ஒன்றில் அரியம் பொருத்துவதால் ஒரே விண்மீன் இரு புள்ளிகளாகத் தெரியும். அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் எவ்வளவு மாறுகிறது என்பதே அளக்கப்படும்.

"எதுக்கு ரெண்டு ஓட்டைன்னுதான் எனக்கு வெளங்கல" என்றான்.

அவள் சிறிது நேரம் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தொலைகாட்டிய காத்து ஆட்டுனா ரெண்டு புள்ளியும் சேர்ந்துதானேண்ணே ஆடும்? நடுவுல உள்ள தூரம் மாறுனா அது வானத்துக் காத்தாலதான்."

உள்ளே தந்தையின் இருமல் நின்றிருந்தது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பியவர், கம்பளியைத் தலையிற் போட்டபடி வாசற்படியில் தயங்கினார்.

"அட்டனுக்கு மொத பஸ் எத்தன மணிக்குடா?"