சூடு ஆறட்டும்

போடிநாயக்கனூரில் ஜீப் பார்க்கப் போன அன்று மெக்கானிக் அண்ணன் முதலில் செய்தது, பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்ததுதான். வைத்த கையை எடுக்காமலே விற்பவரிடம் கேட்டார்.

“காலையில வண்டி எடுத்தீங்களாண்ணே?”

“ஆமாப்பா, தோட்டத்துப் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்தேன்.”

“அப்ப இன்னைக்கு வேணாம். நாளைக்கு விடியக்காலையில வர்றோம். அதுவரைக்கும் சாவியைத் தொடாம வைங்க.”

என் மச்சினனுக்கு முகம் சுண்டிவிட்டது. வண்டியைப் பார்க்கவென்றே லீவு போட்டு என்னையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தான். திரும்பி நடக்கையில் அண்ணன் அவனுக்கு விளக்கினார். “சூடா இருக்கிற டீசல் இன்ஜின் எதுவும் டக்குன்னு எடுக்கும் தம்பி. ராத்திரி பூரா நின்னது காலையில எப்படி எடுக்குதுன்னு பார்க்கணும். ரிங்கு தேஞ்சிருந்தா அப்பத்தான் காட்டிக் கொடுக்கும்.” டீசல் இன்ஜினில் நெருப்பு வைக்கப் பொறி கிடையாது. காற்றை இறுக்கி, அந்த இறுக்கத்தில் பிறக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்றவேண்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்து அதன் வழியே காற்று நழுவினால் குளிரில் பற்றாது. இரும்பு ஏற்கனவே சூடாக இருந்தால் அந்தக் குறை வெளியே தெரியாது.

மச்சினனுக்கு அகமலைப் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் உண்டு. தார் ரோடு முடிந்த பிறகு ஏழெட்டுக் கிலோமீட்டர் பாறைப் பாதை. மழை பெய்தால் அது பாதையா ஓடையா என்று சொல்ல முடியாது. பழம் எடுக்கும் காலத்தில் வாடகை ஜீப்புக்குக் காத்திருந்தே மூட்டைகள் நனைந்துபோகின்றன. நான்கு சக்கரமும் இழுக்கும் புது வண்டி பத்து லட்சத்துக்கு மேல். கைக்கு எட்டியது, 1994-ஆம் ஆண்டு மகிந்திரா எம்.எம். 540. விலை 2,80,000 சொன்னார்கள். அதை வாங்கலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

மறுநாள் ஐந்து மணிக்குப் போடி பேருந்து நிலையத்துப் பக்கம் வந்தபோது, அண்ணனைப் போன்றவர்கள் ஏன் இந்த ஊரில் உருவானார்கள் என்று புரிந்தது. வரிசையாக ஜீப்புகள். தூக்குவாளியும் பழைய சட்டையுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புகிறவர்கள். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இதேபோல் தினமும் ஜீப்புகள் போகின்றன. அளவுக்கு மேல் ஆள் ஏற்றிக் கவிழ்ந்த வண்டிகளின் கதை இந்தப் பக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஏலக்காய் ஏலம் போகும் ஊர் என்றுதான் போடியை வெளியே சொல்வார்கள். அந்த ஏலக்காயைப் பறிக்கும் கைகளை மலைக்குக் கொண்டுபோவது இந்த ஜீப்புகள். மாலையில் உடைந்து இறங்கும் வண்டியை விடிவதற்குள் ஓட்டிவிடவேண்டும் என்ற நெருக்கடியில் வளர்ந்தவைதான் இந்த ஊர்ப் பட்டறைகள்.

ஹீட்டர் பிளக் சூடேறக் காத்திருந்து சாவியைத் திருப்பினோம். மூன்றாம் முறை பிடித்தது. வெள்ளையாகக் கிளம்பி, நீலமாக மாறி, இரண்டு நிமிடத்தில் தெளிந்தது புகை. “வெள்ளை நிக்காம வந்தா தண்ணி உள்ள போகுதுன்னு பயப்படணும். கறுப்புன்னா டீசலோ காத்தோ அளவு சரியில்ல, அது சின்ன வேலை. நீலம்னா ஆயில் எரியுது” என்றார். அடுத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த ஓட்டையின் மேலேயே தளர்வாக வைத்தார். மூடி நடுங்கியது, ஆனால் எகிறி விழவில்லை. பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் காற்று அடிக்கும் அடி அது. பட்டறையில் ‘பேக் கம்ப்ரஷன்’ என்கிறார்கள். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் பல இடங்களில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். யாரும் பேசவில்லை. “அடியில சத்தம் இல்ல. கிராங்க் பக்கம் நல்லா இருக்கு. ஒன்றரை வருசம் இப்படியே ஓட்டலாம். அப்புறம் இன்ஜின் வேலை வரும்.”

அந்த இன்ஜின் பெழோ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் வடிவமைப்பு. எக்ஸ்.டி.பி. 4.90 என்று பெயர். 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2112 சி.சி. வண்டியின் உடலோ இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்த வில்லிஸ் ஜீப்பின் வழி வந்தது. மகிந்திரா 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியதிலிருந்து நீண்ட வரிசை இது. அமெரிக்க உடலுக்குப் பிரெஞ்சு இதயம் வைத்து இந்திய மலைகளுக்கு அனுப்பிய வண்டி. சுத்தியலும் ஸ்பானரும் தெரிந்தவன் எங்கும் பிரித்துப் பூட்டலாம். அதனால்தான் முப்பது வருடம் கழித்தும் இதை வாங்கலாமா என்று யோசிக்க முடிகிறது.

மீட்டரில் 64,312 என்று இருந்தது. மச்சினன் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஐந்து இலக்க மீட்டர் அது. லட்சத்தைத் தொட்டதும் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். அண்ணன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கிளட்ச் மிதியின் ரப்பர் போய், இரும்பும் ஒரு ஓரம் கத்தி முனைபோலத் தேய்ந்திருந்ததைக் காட்டினார். “இதுதான் மீட்டர். ரெண்டு சுத்துக்குக் குறையாது.” பெரிய கிலோமீட்டர் என்றால் பயந்து ஓடவேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். அவர் கணக்கு வேறு. ஓடித் தேய்ந்ததை மாற்றலாம். மாற்ற முடியாதவை இரண்டே, சேசிஸும் காகிதமும். உடல் தகடு துருப்பிடித்தால்கூடப் புதிது கிடைக்கும். பஞ்சாப், ஹரியானா எல்லையிலுள்ள மண்டி டப்வாலி ஜீப் கட்டுவதற்கென்றே பேர்போன ஊர். பழைய உதிரிக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. சேசிஸுக்கு அப்படி ஒரு சந்தை இல்லை. அதில் வெட்டிய எண்ணோடு சேர்ந்துதான் வண்டிக்கு உயிர்.

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். கையில் சின்னச் சுத்தியல். முன்னாலிருந்து பின்னால்வரை சேசிஸ் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று வந்த ஓசை பின்பக்க இடது வில் பட்டையைத் தாங்கும் ஹேங்கருக்கு அருகில் செத்துப்போனது. அந்த இடத்தில் மட்டும் கறுப்பு பெயின்ட் புதிது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். ரிவெட் ஓட்டையிலிருந்து மயிரிழைபோல ஒரு வெடிப்பு, இரண்டு விரற்கடை நீளம். வெளியே வந்து விற்பவரிடம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “பாறையில ஓடுன வண்டிண்ணே. வெடிப்பு வரத்தான் செய்யும். பெயின்ட் அடிச்சிருக்க வேணாம்.” விற்பவர் தலையைக் குனிந்துகொண்டார்.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இருந்தது. கிங் பின் பேரிங் போயிருக்கிறது. அப்படியே விட்டால் சாலையில் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங் கையில் நிற்காது. பிறகு கொட்டகுடி ஆற்று மணலுக்குப் போனோம். கியர் குச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னக் குச்சிகளை இங்கேதான் சோதிக்கவேண்டுமாம். தார் ரோட்டில் நான்கு சக்கரத்தையும் பூட்டக்கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் உருளும், அந்த வித்தியாசம் தீர இடையில் வழியில்லாததால் பற்கள் இறுகிப்போகும். மணலில் டயர் வழுக்கிக்கொடுக்கும். குச்சி முரண்டு பிடித்துத்தான் விழுந்தது, ஆனால் விழுந்தது. லோ கியரில் இன்ஜினின் இழுவை இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடுகிறது; நடக்கிற வேகத்தில் நான்கு சக்கரமும் மணலைக் கிண்டிக்கொண்டு ஏறியபோது மச்சினன் சத்தம் போட்டுச் சிரித்தான். அந்த வண்டியின் மேல் அவனுக்கு ஆசை விழுந்தது அப்போதுதான்.

மத்தியானம் கழற்றிக் காட்டுவதற்குச் சம்மதம் வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே பட்டை அடிப்பவரிடம் நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டேன். எழுபதை நெருங்குகிறவர். ஜீப்பின் பாரத்தைத் தாங்கும் வில் பட்டைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் கரி உலையில் சிவக்கவைத்து, தரையில் சுண்ணாம்பால் வரைந்த வளைவுக்குப் பொருந்தும்வரை அடிக்கிறார். எண்ணெயில் முக்கி எடுக்கிறார். அப்படி எடுத்த பட்டை விறைத்திருக்கும். கல்லில் மோதினால் ஒடியும். அதனால் மறுபடி இதமாகச் சூடுகாட்டவேண்டும். எவ்வளவு சூடு என்பதற்கு அவரிடம் கருவி கிடையாது. காய்ந்த குச்சி ஒன்றை இரும்பின் மேல் தேய்க்கிறார். குச்சி வெறுமனே கறுகினால் போதாது, அதன் நுனியில் பொறி நின்று மினுங்கவேண்டும். “இத மகனுக்குச் சொல்லிக் குடுத்தீங்களாய்யா?” என்று கேட்டேன். “அவன் திருப்பூர்ல இருக்கான் சார், பனியன் கம்பெனில” என்றார். அடுத்த பட்டையை உலையில் செருகினார்.

கிங் பின் வேலையை மெக்கானிக் அண்ணனின் கையாள் பையன் செய்து காட்டினான். இருபத்திரண்டு வயது. பேரிங்குக்கு மேல் மெல்லிய தகடுகள், ‘சிம்’ என்பார்கள், எத்தனை வைப்பது என்பதில்தான் நுணுக்கம். ஒன்று கூடினால் ஆட்டம், ஒன்று குறைந்தால் இறுக்கம். மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் அசைகிறது என்று பார்த்தான். அண்ணன் தராசைப் பார்க்கவே இல்லை, பையன் கை இழுப்பதைப் பார்த்தே “இன்னொன்னு எடு” என்றார். இந்தப் பையன் நிற்பானா என்று தெரியவில்லை என்றார் பிறகு. புது வண்டிகளுக்குக் கம்ப்யூட்டரை மாட்டினால் கோளாறு தானே எழுதிக் காட்டுகிறது. அந்த வேலைக்குச் சம்பளமும் அதிகம், சட்டையும் அழுக்காகாது.

காகிதத்தில் குறையில்லை. சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போயின. இன்ஜின் எண்ணும் அதேதான். பதிவு முதல் 15 ஆண்டுக்கு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும். 1994-இன் வண்டிக்கு 2024-இல் புதுப்பித்திருந்தார்கள், 2029 வரை கவலையில்லை. அடுத்த முறை செலவு கூடும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்த இத்தகைய வண்டிகளுக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சேசிஸுக்கு உள்பக்கம் தகடு வைத்து வெல்டிங் 7,000. முன் ஆக்சில் 14,000. பட்டை 8,000. டயர் ஐந்து 32,000. பிரேக், வயரிங், தார்ப்பாய் 20,000. ஒன்றரை வருடத்தில் வரப்போகும் இன்ஜின் வேலைக்கு 75,000 ஒதுக்கு. மொத்தம் 1,56,000. சொன்ன விலையோடு கூட்டினால் நாலரை லட்சத்தை நெருங்குகிறது. அந்தப் பணத்துக்கு இந்த வண்டி வேண்டாம் என்பது என் எண்ணம். அண்ணன் வேறு ஒன்று சொன்னார். “வண்டி இன்னும் இருபது வருசம் ஓடும் சார். கிட்டத்துல ரிப்பேர் பார்க்க ஆள் இருந்தா வாங்குங்க. எனக்கு அறுபத்தொண்ணு ஆகுது. அதையும் கணக்குல சேத்துக்கங்க.” அதுவரை நாங்கள் போட்ட கணக்கில் அந்த வரி இல்லை. பழைய வண்டி வாங்குகிற யாரும் அதை எழுதுவதில்லை என்று நினைக்கிறேன்.

வெடிப்பைக் காட்டிப் பேசியதில் விலை 1,90,000-க்கு இறங்கியது. மச்சினன் வாங்கிவிட்டான். வாங்கச் சொன்னது நானும்தான். சேசிஸ் தைத்தால் நிற்கும், காகிதம் சுத்தம், பட்டறை பத்து நிமிடத் தூரத்தில்.

இதை எழுதத் தூண்டியது வேறு ஒரு விஷயம். விலை முடிந்ததும் இடையில் நின்ற புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு போனார். அவர் வண்டியின் அடியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் வேலையைப் போட்டுவிட்டு வந்து, சாக்கில் படுத்து, 90,000 ரூபாயை மிச்சம்பிடித்துக் கொடுத்தவருக்கு நாங்கள் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்திருந்தோம். பணத்தை நீட்டியபோது, “பார்த்துச் சொன்னதுக்கெல்லாமா? வேலை வந்தா குடுங்க” என்று கையைப் பின்னுக்கு இழுத்தார். பையன் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வற்புறுத்தித்தான் 3,000 ரூபாயை வாங்கவைத்தோம்; அதில் ஆயிரத்தை அங்கேயே பையனிடம் கொடுத்தார்.

பழைய வண்டி பார்க்க மெக்கானிக்கைக் கூட்டிப்போகிறவர்களே, வண்டியை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருடைய அன்றைய கூலியை முதலில் எடுத்துக் கொடுங்கள். கூட வரும் பையனுக்கும் கொடுங்கள்.