விஞ்ஞானியின் மௌனம்

கண்டறிந்ததை மறைக்காது வெளியிடுதல் விஞ்ஞானியின் கடமை என்பர். வெளியிடப்படாத முடிவைப் பிறர் சோதித்துப் பார்த்தல் இயலாது. பிறர் சோதிக்காத முடிவு விஞ்ஞானமாக நிலைபெறாது. இக்கடமையைச் சிறிது காலம் ஒத்திவைக்குமாறு 1939 இல் சக விஞ்ஞானிகளை வேண்டியவர் அரசாங்க அதிகாரி எவருமல்லர். ஹங்கேரியிற் பிறந்து, ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி அமெரிக்காவை அடைந்திருந்த பௌதிகவியலாளர் லியோ சிலார்ட் என்பவரே அவர்.

யுரேனியத்தின் அணுக்கருவைப் பிளக்கலாம் என்பதற்கான சான்று 1939 ஜனவரியில் ஜேர்மனியிலிருந்து வெளிவந்தது. பிளவின்போது புதிய நியூத்திரன்கள் வெளிப்படுமாயின் அவை மேலும் பல கருக்களைப் பிளக்கும், சங்கிலித் தாக்கம் தொடரும், குண்டும் சாத்தியமாகும். சங்கிலித் தாக்கம் பற்றி 1934 இலேயே சிந்தித்து, அதற்கான காப்புரிமையை இரகசியமாகப் பேணும்பொருட்டுப் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகத்திடம் ஒப்படைத்தவர் சிலார்ட். 1939 பெப்ரவரியில் அவர் பாரிஸிலிருந்த பிரெடெரிக் ஜோலியோவுக்குக் கடிதமொன்று எழுதினார். நியூத்திரன் பற்றிய முடிவு கிட்டுமாயின் அதனை வெளியிடாதிருத்தல் குறித்து ஆலோசிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஜோலியோ குழுவினர் இணங்கவில்லை. மார்ச் மாதத்தில் அக்குழுவின் கோவார்ஸ்கி விமான நிலையத்துக்கு நேரிற் சென்றே கட்டுரையை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அவர்களது மற்றொரு கட்டுரை, பிளவொன்றுக்கு மூன்று அல்லது நான்கு நியூத்திரன்கள் வெளிப்படுவதாகக் கூறிற்று. (அது சற்று மிகையான கணிப்பு என்பது பின்னரே தெரிந்தது.) இவர்களைப் புகழாசை கொண்டவர்கள் என ஒதுக்கிவிடுதல் எளிது, ஆனால் அது முழு நீதியாகாது. இதுபற்றிய செய்தி அமெரிக்காவில் ஏற்கெனவே கசிந்திருந்தது; கடல் கடந்த ஒருவரின் வேண்டுகோளை ஏனையோரும் மதிப்பர் என்பதற்கு உறுதியும் இல்லை. எனினும், ஏப்ரற் கட்டுரை வெளிவந்த இரண்டு நாள்களில் ஹாம்பேர்க் நகரத்து விஞ்ஞானிகள் இருவர் ஜேர்மன் யுத்த அமைச்சுக்குப் புதிய வெடிபொருளைப் பற்றி எழுதிவிட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில், யுத்தம் மூண்டபின், ஜோலியோ தாமும் ஓர் ஆய்வை முத்திரையிட்ட உறையிலிட்டுப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

1940 இல் அமெரிக்க ஆய்விதழ்கள் இத்தகைய கட்டுரைகளைத் தாமே நிறுத்திவைக்கத் தொடங்கின. மௌனத்தினால் விளைந்த பயன் சிறிதன்று. பென்சிற்கரி நியூத்திரன்களை மிகக் குறைவாகவே உறிஞ்சும் எனப் பேர்மி அளந்தறிந்ததைச் சிலார்ட்டின் வற்புறுத்தலால் வெளியிடவில்லை. ஜேர்மனியில் அதே அளவீட்டைச் செய்த போதே, மாசு கலந்த கரியினால் தவறான முடிவை அடைந்தார். அத்தவற்றைத் திருத்தக்கூடிய கட்டுரை எந்த இதழிலும் இல்லை. ஜேர்மனியர் பார நீரையே நம்பியிருக்க நேர்ந்த காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆனால் மௌனமும் பேசும். 1942 இல் வொரோனெஷ் நகர நூலகமொன்றில் அந்நிய ஆய்விதழ்களைப் புரட்டிய இளம் சோவியத் பௌதிகவியலாளர் பிளியோரவ், கருப்பிளவு பற்றிய கட்டுரைகள் அடியோடு மறைந்திருப்பதைக் கண்டார். அமெரிக்கர் குண்டு செய்கின்றனர் என ஊகித்து ஸ்டாலினுக்கு எழுதினார். எழுதாத கட்டுரையும் அவருக்குச் சான்றாயிற்று.

இவ்வரலாற்றில் பயனையும் தீங்கையும் மட்டும் எடைபோட்டால் முக்கியமான ஒன்று தவறிவிடும். 1939 இற் சிலார்ட் வேண்டியது ஒத்தவர்களிடையேயான உடன்பாடு. மறுக்கும் உரிமை ஜோலியோவுக்கு இருந்தது, அவர் மறுத்தார். 1942 இல் அணுகுண்டுத் திட்டம் இராணுவத்தின் கைக்குச் சென்றபின், எதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்பதை விஞ்ஞானிகள் தீர்மானிக்கவில்லை. 1945 ஜூலையில், தக்க காரணமின்றி யப்பான்மீது குண்டைப் பயன்படுத்தலாகாது எனச் சிலார்ட் மனுவொன்று வரைந்தார். சிக்காகோவில் எழுபது பேர் அதில் ஒப்பமிட்டனர். சனாதிபதி ட்ரூமனின் கையை அது அடையவில்லை. குண்டுகள் வீழ்ந்தபின் அதனைப் பகிரங்கப்படுத்த அவர் முயன்றபோது, அது இரகசிய ஆவணம் என்று கூறி இராணுவம் தடுத்துவிட்டது.