எங்கே தேடுவது?

பெங்களூருக்குப் படிக்க வரும் தமிழ் மாணவனுக்கு இந்நகரம் கற்பிக்கும் முதற் பாடம் முகவரிப் பாடம். "எட்டாவது கிராஸ்" என்றால் போதாது. மல்லேசுவரத்திலும் எட்டாவது கிராஸ் உண்டு, ஜெயநகரிலும் உண்டு. பேட்டையின் பெயர் இல்லாத முகவரி, நாம் நிற்கும் இடத்துக்கு ஏற்பப் பொருள் மாறும்.

நிரல் எழுதும் நமக்கும் இதே தொல்லை உண்டு. பைத்தான் மொழியில் ஒரு நிரல் இன்னொரு நிரலைத் துணைக்கு அழைக்கும்போது பெயரை மட்டுமே சொல்லுகிறது. கணிப்பொறியோ தேடுபாதைப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறது. நாம் ஓட்டிய நிரல் இருக்கும் கோப்புறை முதலில். 'பைத்தான்பாத்' என்பதில் நாம் குறித்த இடங்கள் அடுத்து. மொழியோடு வந்த நூலகம் பின்னர். நாம் நிறுவிய தொகுப்புகள் அதற்கும் பின்னர். முதலில் அகப்பட்டதோடு தேடல் முடிந்தது. 'ரேண்டம்' என்ற பெயரில் நாமே ஒரு நிரலை அருகில் வைத்தால், மொழிக்குரிய ரேண்டம் மறைந்துபோகும்.

தரவுக் கோப்பின் கதை வேறு. வெறும் பெயரைச் சொல்லித் திறந்தால், நிரல் இருக்கும் இடத்தில் அன்று, ஓட்டுபவர் நிற்கும் கோப்புறையில்தான் அது தேடப்படும். ஒரே நிரலுக்குள் இரண்டு நியாயங்கள்!

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வுக்கூடத்தில் இளையவர் ஒருவர் பழைய நிரல் ஒன்றை ஓட்டினார். பிழைச் செய்தி ஏதும் இல்லை, வரைபடமும் வந்தது. ஆனால் வளைவு நாங்கள் அறிந்த வளைவு அன்று. அவர் நின்ற கோப்புறையில், அதே பெயரில், காலாவதியான அளவுத்திருத்தக் கோப்பு ஒன்று கிடந்தது. கோப்பே இல்லாதிருந்தால் நிரல் நின்றிருக்கும். இருந்ததனால் அன்றோ பொய் மெய்போல் வந்தது! அவ்வளைவு ஆய்வேட்டில் ஏறியிருந்தால், அதை நம்பி எத்தனை பேர் நடந்திருப்பர்?

நம் கணிப்பொறியின் முழுப் பாதையை எழுதிவைப்பதும் தீர்வாகாது. அடுத்தவர் கணிப்பொறியில் அப்பாதை இராது. நிரல் தான் இருக்கும் இடத்தைத் தானே அறியும். பைத்தானில் '__ஃபைல்__' என்பது அதைச் சொல்லும். அவ்விடத்தை அடியாகக் கொண்டே தரவுக்கு வழி எழுதுக. துணைநிரல் எங்கிருந்து வந்தது என்ற ஐயம் எழுந்தால், அதன் '__ஃபைல்__' மதிப்பை அச்சிட்டுப் பார்க்க.

மொழிகளை ஆக்கியோரும் இதை உணர்ந்தனர். ரூபி 2010இல் 1.9.2 பதிப்பிலும், பெர்ல் 2017இல் 5.26 பதிப்பிலும், நிற்கும் கோப்புறையைத் தேடுபாதையிலிருந்து நீக்கின. நிரலின் கோப்புறையைத் தானாகச் சேர்க்காதிருக்கும் வசதியைப் பைத்தான் 2022இல், 3.11 பதிப்பில் தந்தது. வேறு எவரோ போட்டுவைத்த கோப்பு, பெயர் ஒற்றுமையால் உள்ளே நுழைந்துவிடலாகாது என்பதே கருத்து.

நண்பர்களே, நம்மிற் பலர் ஓரிரு ஆண்டுகளில் இவ்வூரை விட்டுச் செல்வோம்; நம் நிரல்கள் இங்கே இருக்கும். நம்மை அறியாத ஒருவர், நாம் காணாத ஊரில் ஓட்டினாலும், அதே வளைவு வரவேண்டும். எழுதியவர் பக்கத்தில் நின்றால்தான் மெய் சொல்லும் நிரலை ஆய்வு என்று எப்படிச் சொல்வது?