திருவையாற்றில் ஓர் இரவல் காது

ஆபீசில் லீவு கேட்க மூன்று காரணங்கள்தான் செல்லுபடியாகும். காய்ச்சல், கல்யாணம், காரியம். நான் நாலாவதாக ஒன்றை எழுதிக் கொடுத்தேன். 'தியாகராஜ ஆராதனை - இரண்டு நாள்.'

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். "உனக்கும் சங்கீதத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

நியாயமான கேள்விதான். என் சங்கீத ஞானம் 'சிந்து பைரவி' படத்தில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும். என்னைக் கிளப்பியவர் எங்கள் ஆபீசில் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ரிடையர் ஆன சார். முப்பது வருஷமாக ஆராதனை தவறாதவர். "தம்பி, இந்த வருஷம் நீ துணைக்கு வரணும்" என்றார். பெட்டி தூக்க ஆள் தேவைப்படுகிறது போல என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ். எங்கள் பெட்டியில் பாதிப் பேர் ஜோல்னாப் பைக்காரர்கள். டிசம்பர் சீசன் முடிந்த கையோடு ஜனவரியில் ஆராதனைக்குக் கிளம்புகிற ஜாதி. 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மகாநாட்டோடு நடந்த இசை மகாநாட்டின் பலனாக மியூசிக் அகாடமி பிறந்தது. அதிலிருந்து வளர்ந்த டிசம்பர் சீசன் இன்றைக்கு ஊர் முழுக்க சபா, சபா முழுக்க கேன்டீன் என்று ஆகியிருக்கிறது. பெட்டியில் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த சீசன்ல எத்தனை சார்?"

"நாற்பத்திரண்டு கச்சேரி. உங்களுக்கு?"

"முப்பத்தெட்டுதான். நடுவுல மூணு நாள் ஜுரம். இல்லேன்னா அடிச்சிருப்பேன்."

"அந்த பைரவி கேட்டீங்களோ? மேல் ஷட்ஜத்துல நிறுத்தினப்போ எனக்குக் கண்ணுல ஜலம்."

"நான் அப்ப கேன்டீன்ல இருந்தேன். எனக்கும் கண்ணுல ஜலம். மிளகாய் பஜ்ஜி."

விழுப்புரம் வரை இதே கச்சேரிதான். கேட்டது பாதி, அதைப் பற்றிப் பேசுவது மீதிப் பாதி என்று அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. ஆனால் எங்கள் சார் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். நிறைகுடம் தளும்பாது என்று நினைத்தேன்.

விடிகாலை தஞ்சாவூர். பழைய பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ். திருவையாறு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள் வரிசையாகப் பாலங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. சார் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். ஐந்தாவது விரல் மடங்கியதும் ஊர் வந்துவிட்டது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதற்கு முன்னால் ஆராதனை வந்தால் ஆற்றில் தண்ணீரைப் பார்க்கலாம். எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது.

1767-ல் திருவாரூரில் பிறந்த தியாகராஜர் வாழ்ந்தது இந்த ஊரில். 1847-ல், புஷ்ய மாத பகுள பஞ்சமியில் மறைந்தார். காவிரிக் கரையில் சமாதி. அந்தத் திதியை ஒட்டித்தான் விழா. கரையிலேயே பெரிய பந்தல். டிக்கெட் கிடையாது, நாற்காலியும் கிடையாது. வித்வான்களுக்குச் சன்மானம் கிடையாது. கலெக்டரானாலும் கண்டக்டரானாலும் தரையில் சம்மணம்தான்.

பாடுகிறவர்களுக்கு ஆளுக்கு இருபது நிமிஷம், சிலருக்கு அதிலும் குறைவு. சென்னையில் ஒரு ராகத்தையே முக்கால் மணி நேரம் விஸ்தாரம் பண்ணுகிறவருக்கும் இங்கே அவ்வளவுதான். டெஸ்ட் மேட்ச் ஆடுகிறவரை இருபது ஓவர் ஆடச் சொன்ன மாதிரி. நிதானமாகக் காலூன்ற முடியாது. இறங்கியதும் அடிக்க வேண்டும். அதனாலேயே பேர் பெற்றவர் தடுமாறுவதும் உண்டு, பேர் தெரியாத பையன் வந்து வெளுத்து வாங்குவதும் உண்டு.

நாங்கள் ஒரு மூங்கில் தூணுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம். சார் பையிலிருந்து ஒரு டைரியை எடுத்தார். பக்கத்துக்கு நாலு கட்டம் கோடு போட்டிருந்தது. பாட்டு, ராகம், தாளம், நாலாவது 'எப்படி?' பழைய பக்கங்களைப் புரட்டினேன். நாலாவது கட்டத்தில் எல்லாம் பொடி எழுத்தில் குறிப்பு. 'அவசரம்.' 'தேன்.' 'மிருதங்கம் பிழைக்க வைத்தது.' கடைசி இரண்டு வருஷத்துக்கு அந்தக் கட்டம் காலி.

முதல் பாட்டு முடிந்ததும் மூன்று கட்டத்தை நிரப்பிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நாலாவதை நீ எழுது."

"விளையாடாதீங்க சார். எனக்கு சங்கராபரணம் படம் தெரியும், ராகம் தெரியாது."

அவர் தலையைத் திருப்பிக் காதைக் காட்டினார். உள்ளே சின்னதாக ஒரு மெஷின்.

"ரெண்டு வருஷமா இது இருக்கு. பேச்சு கேக்குது தம்பி, ஆள் எதிர்ல நின்னு பேசினா. ரயில் சத்தத்துல அதுவும் இல்லை. பாட்டு வந்தா தம்புரா குக்கர் விசில் மாதிரி, வயலின் ரம்பம் மாதிரி. பேச்சுக்குன்னு செஞ்ச மெஷின், அதைக் குத்தம் சொல்ல முடியாது. எந்தப் பாட்டுன்னு உதட்டைப் பார்த்தா தெரிஞ்சுடும். தாளம் கையில தெரிஞ்சுடும். எப்படி இருந்ததுன்னு மட்டும் உதடு சொல்லாது. அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."

ரயிலில் அவர் ஏன் சிரித்துக்கொண்டே இருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. பெட்டி தூக்க அல்ல, காது தூக்க வந்திருக்கிறேன்.

பரீட்சை ஹாலில் சிலபஸ் தெரியாமல் உட்கார்ந்தவன் கதி. சுற்றிலும் ஞானஸ்தர்கள். நான் எதையாவது உளறி, பக்கத்து மாமி திரும்பிப் பார்த்துவிட்டால்? மூன்று பாட்டுக்கு 'நன்று', 'நன்று', 'மிக நன்று' என்று எழுதினேன். சார் பார்த்துவிட்டு, "இது இன்கிரிமென்ட் ஃபைல் இல்லைப்பா" என்றார்.

அப்புறம் ஒருத்தர் 'மரி மரி நின்னே' பாடினார். அடடா, நமக்குத் தெரிந்த பாட்டு! நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சந்தேகம் வந்தது. முடிந்ததும் தைரியமாக எழுதினேன்: 'மெட்டு தப்பு.'

சார் அதைப் படித்துவிட்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். பின்னால் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். விஷயம் இதுதான். தியாகராஜர் அந்தக் கிருதியை அமைத்தது காம்போதியில். 1985-ல் வந்த 'சிந்து பைரவி'க்காக இளையராஜா அதே சாகித்யத்தை சாரமதி ராகத்தில் போட்டார். நான் நகலை வைத்துக்கொண்டு ஒரிஜினலைத் தப்பு என்றிருக்கிறேன்.

காது மடல் சூடாகிவிட்டது. ஆனால் அதற்குள் பின்வரிசையில் சண்டை ஆரம்பமாகிவிட்டது.

"ராகத்தை மாத்தறதுக்கு யார் சார் அதிகாரம் குடுத்தா?"

"நல்லா இருந்துதா இல்லையா, அதைச் சொல்லும்."

"நல்லா இருக்குங்கறதுக்காக அடுத்த வீட்டு வேஷ்டியைக் கட்டிக்க முடியுமா?"

தூணில் சாய்ந்திருந்த துண்டு போட்ட பெரியவர் ஒருத்தர், பக்கத்துக் கிராமத்து விவசாயி போல, மெதுவாகச் சொன்னார். "ரெண்டும் கேட்டிருக்கேங்க. சினிமாவுல வர்றது, தனியா உக்காந்து அழுவற மாதிரி. இவரு பாடுனது, சபையில நின்னு நியாயம் கேக்குற மாதிரி."

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. சார் அவரை மறுபடி எதிரே பார்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு என் 'மெட்டு தப்பு'க்குப் பக்கத்தில் அதை அப்படியே எழுதினார்.

அதற்கப்புறம் நாலாவது கட்டம் பொதுச் சொத்தாகிவிட்டது. மாமி, "குரல்ல ஜலதோஷம், ஆனா சுருதி நகரலை" என்று எழுதச் சொன்னாள். செல்போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்த காலேஜ் பையன், "கடைசி ஸ்வரம் தெறிச்சிருச்சு அங்கிள்" என்றான். 'தெறி' என்றே எழுதினோம். நானும் பயம் தெளிந்து, கண்ணில் பட்டதையும் காதில் பட்டதையும் எழுதினேன். 'பாடகர் எதிர்பார்க்காத இடத்தில் வயலின்காரர் ஒன்று வாசித்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.' 'சின்னப் பெண். மூச்சு வாங்கியது. அம்மா முன்வரிசையில் கையைப் பிசைந்தாள். கடைசியில் சமாளித்தாள்.' சார் இதைப் படித்துவிட்டு, "இது போதும்டா தம்பி. எனக்குக் கேட்டுடுச்சு" என்றார்.

சாயங்காலம் கடைத்தெருவில் அசோகா சாப்பிட்டோம். பாசிப்பருப்பில் செய்கிற இந்த ஊர் அல்வா. நெய் முழங்கை வரை வந்தது. கையைக் கழுவ ஆற்றங்கரைக்கு வந்தபோது, தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடி இருக்கிற இன்னொரு சமாதியைக் காட்டினார். பெங்களூர் நாகரத்தினம்மாள்.

தேவதாசி குலத்தில் பிறந்து, பாடிப் பேரும் பணமும் சேர்த்த அம்மாள். கவனிப்பாரற்றுக் கிடந்த இந்த இடத்தைத் தன் சொத்தைப் போட்டு வாங்கிக் கோயில் எழுப்பி, 1925-ல் கும்பாபிஷேகம் செய்தவர். ஆனால் ஆராதனை நடத்திய பெரிய கட்சி, சின்னக் கட்சி இரண்டுமே பெண்களைப் பாட விடவில்லை. கோயில் கட்டியவளுக்கே அங்கே பாட இடமில்லை! அம்மாள் சும்மா இருக்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஒரு ஆராதனையே நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில்தான் எல்லாக் கட்சியும் ஒன்று சேர்ந்தது. அதற்கப்புறமும் வம்பு தீர்ந்தபாடில்லை. 1946-ல் எம்.எம். தண்டபாணி தேசிகர் இங்கே ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடியதற்காகப் பெரிய சர்ச்சை கிளம்பியது.

"இங்க யார் வாயைத் திறக்கலாம்ங்கறதுக்கு இவ்வளவு நடந்திருக்கு" என்றார் சார். "எல்லாத்தையும் தாண்டி இப்ப எல்லாரும் பாடறாங்க. நீ என்னடான்னா 'நல்லா இருந்தது'ன்னு சொல்லவே பயந்துட்டு உக்காந்திருந்தே."

மறுநாள் காலை பஞ்சரத்னம். திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி ஊர்வலம் பாடிக்கொண்டே வந்து சேர்ந்தது. சமாதிக்கு முன்னால் வித்வான்கள் எதிர் எதிராக வரிசை கட்டி உட்கார்ந்தார்கள். ஆண்களும் பெண்களும். நாகஸ்வரம் ஓய்ந்து, புல்லாங்குழல் பைரவியில் ஒன்று வாசித்து முடித்ததும் பந்தலே தொண்டையைக் கனைத்தது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஐந்து ராகம், ஐந்து கிருதி. மேடையில் இருப்பவர்கள் மட்டுமல்ல, தரையில் இருக்கும் முக்கால்வாசிப் பேரும் பாடினார்கள். புத்தகத்தை வைத்துக்கொண்டு சிலர், மனப்பாடமாகச் சிலர், என்னைப் போல வாயை மட்டும் அசைத்துச் சிலர்.

சார் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். என் தொடையில் தாளம் போட்டார். (இரண்டு நாளாக அங்கேதான் போட்டுக்கொண்டிருந்தார். சிவந்தே போயிருந்தது.) பிறகு பாட ஆரம்பித்தார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சுருதி சேரவில்லை. நாட்டையில் அவர் குரல் ஒரு படி கீழே தனியாக நடந்தது. முன்னால் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. தடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. சார் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். முப்பது வருஷப் பழக்கம், ஒரு எழுத்து பிசகவில்லை. ஆரபியில் அவருக்கு வலது பக்கம் இருந்தவர் குரலை உயர்த்தினார். பின்னால் மாமியும் சேர்ந்துகொண்டாள். ஐந்தாவதாக, பெரியவர்கள் எல்லாருக்கும் வணக்கம் சொல்கிற 'எந்தரோ மஹானுபாவுலு'. ஸ்ரீராகத்தில் பந்தல் மொத்தமும் ஒரே குரலாக எழுந்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. நானும் பாடினேன். என்ன வார்த்தை என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

திரும்பும்போது ஸ்டேஷன் பெஞ்சில் டைரியைப் பிரித்தார். ஐந்து வரி. நாலாவது கட்டம் ஐந்தும் காலி.

"நிஜத்தைச் சொல்லு. என் குரல் சேர்ந்துதா?"

பொய் சொல்லலாம். கண்டுபிடிக்க அவரால் முடியாது. அதனாலேயே பொய் வரவில்லை.

"முதல் பாட்டுல உங்க குரல் தனியாக் கேட்டது சார்" என்றேன் அவர் எதிரே நின்று. "கடைசிப் பாட்டுல எது உங்க குரல்னு என்னால கண்டுபிடிக்க முடியலை."

கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஐந்து கட்டத்துக்கும் சேர்த்து அதையே எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். சூப்பரின்டெண்டென்ட் அல்லவா!

மறுநாள் ஆபீஸ். மேனேஜர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னய்யா, எப்படி இருந்தது?"

"நல்லா இருந்தது சார்" என்று சொல்லிவிட்டு ஃபைலைப் பிரித்திருக்கலாம். காம்போதியில் ஆரம்பித்தேன். நான் முடித்தபோது மணி பன்னிரண்டு. அவர் டீ ஆறிப்போயிருந்தது.

"அடுத்த வருஷம் என்னிக்கு வருதுன்னு பார்த்துச் சொல்லு" என்றார்.